பச்சை விளக்கு எரிந்த திருட்டு

பழைய ஆபீசிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பயிற்சிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாளாம். "அங்கிள், காப்பிரைட் பத்தி ஒரு வீடியோ பண்றோம். காப்பியடிக்காம ஆர்ட்டிகிள் எழுதறது எப்படின்னு மூணு டிப்ஸ் சொன்னீங்கன்னா போதும். கொஞ்சம் ஜாலியா இருந்தா நல்லாருக்கும்" என்றாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்ததில் ரத்த அழுத்தம்தான் ஏறியது. பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி, "மூணுதானே கேக்கறா, சொல்லிட்டுப் போங்களேன். எனக்கு ஒரு நாளைக்கு முப்பது சொல்றீங்க" என்றாள்.

சொல்லப்போவதில்லை. அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் பிறந்த நேரத்தில் நான் ஏற்கெனவே யாரையோ கோபித்துக்கொண்டிருந்திருப்பேன். கோபமெல்லாம் அந்த ஆபீஸ்மேல். அங்கே நடந்தது டிப்ஸில் அடங்காது. ஜாலியாகவும் இருக்காது.

ஐதராபாத் மாதாப்பூரில் கண்ணாடியாலேயே கட்டிய கட்டடம் ஒன்றில் எங்கள் நிறுவனம் இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் டேப்லெட்டுக்குப் பல மொழிகளில் கலைக்களஞ்சியம் தயாரிப்பது தொழில். இணையத்திலும் அது எல்லோருக்கும் திறந்திருக்கும். தமிழ்ப் பிரிவு காபி மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மூலை. என் பதவியின் பெயர் ஒப்புநோக்கர். கட்டுரையை ஒரு பக்கமும், அது எந்தெந்தப் புத்தகங்களிலிருந்து எழுதப்பட்டதோ அவற்றை இன்னொரு பக்கமும் வைத்துக்கொண்டு, எழுதியவர் எழுதியிருக்கிறாரா, எடுத்திருக்கிறாரா என்று பார்ப்பவன். இதை என் உறவினர் யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. ஒரு கல்யாணத்தில் என் மைத்துனன் என்னை, "இவர் ஸ்பெல்லிங் பார்க்கறவர்" என்று அறிமுகப்படுத்தினான். இந்த ஊரிலேயே வளர்ந்த என் மகள் தோழிகளிடம், "மா நான்ன சதுவுகுண்டாரு, அந்தே" என்பாள். எங்கள் அப்பா படிப்பார், அவ்வளவுதான். யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதுதான் சரி.

தொழில் கற்றுக்கொண்ட வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நாற்காலியில் உட்கார்ந்தேன், படித்தேன், முதுகு வலித்தது. சொல்ல வேண்டியது எங்கள் தலைமை ஆசிரியர் பத்மாவதி மேடத்தைப் பற்றித்தான். செகந்திராபாத்தில் பிறந்தவர். இலக்கணம் கும்பகோணத்துடையது, கோபம் வந்தால் மட்டும் தக்கனி உருது. ஆனால் குரலை உயர்த்த மாட்டார். யாரையாவது கண்டிக்கும் முன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பார். எதிராளியின் முகம் தெளிவாகத் தெரிந்தால் இரக்கம் வந்துவிடும் என்பது அவர் பயம். கண்ணாடி கீழே இறங்கினால் தமிழ்ப் பிரிவே காபி குடிக்கப் போய்விடும்.

அவர் வைத்திருந்த நடைமுறை இது. ஒரு கட்டுரைக்குக் குறைந்தது மூன்று மூலங்களைப் படிக்க வேண்டும். படித்த பிறகு மூன்றையும் மூடிவிட வேண்டும். மூடுவது என்றால் நிஜமாகவே மூடுவது. புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, திரையை அணைத்துவிட்டு எழுந்து போக வேண்டும். திரும்பி வந்து, எழுதும் முன், அவர் எதிரே உட்கார்ந்து விஷயத்தை வாயால் சொல்ல வேண்டும். தமிழ், தெலுங்கு, எந்த மொழியிலும் சொல்லலாம், கையில் காகிதம் இருக்கக் கூடாது. சொல்ல வந்தால் எழுதலாம். வராவிட்டால் திரும்பப் போய்ப் படிக்க வேண்டும். பெயர், வருஷம், அளவு இவற்றைச் சரிபார்க்க மட்டும் கடைசியில் மூலத்தைத் திறக்கலாம். மூலத்தின் வாசகமே தேவைப்பட்டால் மேற்கோள் குறிக்குள் போட்டு, யாருடையது என்று சொல்ல வேண்டும். எந்தெந்த மூலம் என்று அடியில் கட்டாயம் குறிப்பிட வேண்டும். ஆனால் குறிப்பிட்டுவிட்டதாலேயே ஒருவரின் வாக்கியங்களை வாரிக்கொண்டு வர உரிமை வந்துவிடாது.

ஓய்வு பெற்ற விலங்கியல் பேராசிரியர் ஒருவர் எங்களுக்கு யானையைப் பற்றிக் கட்டுரை கொடுத்தார். மூலப் புத்தகத்தில் இப்படி இருந்தது: "யானை தும்பிக்கையால் புல்லைப் பிடுங்கி, ஒரு முறை காலில் தட்டி, மண்ணை உதறிவிட்டுத் தின்னும்." பேராசிரியர் எழுதியிருந்தது: "வேழம் துதிக்கையினால் புல்லினைப் பறித்து, ஒரு தடவை பாதத்தில் அடித்து, புழுதியை நீக்கிவிட்டு உண்ணும்."

மேடம் இரண்டையும் சத்தமாகப் படித்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பென்சிலால் மேசையைத் தட்டினார். இரண்டு தடவையும் பென்சில் ஒரே இடங்களில் விழுந்தது. கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், வார்த்தையெல்லாம் உங்களுது. மூச்சு விடற இடம் மட்டும் அவரோடது."

"யானை வேற எப்படிம்மா திங்கும்?" என்றார் பேராசிரியர். நியாயமான கேள்விதான்.

"அப்படித்தான் திங்கும். அதுல யாருக்கும் உரிமை கிடையாது. ஏன் தட்டுதுன்னு சொல்லுங்க."

பேராசிரியர் கூரையைப் பார்த்தார். பிறகு பேச ஆரம்பித்தார். மண்ணோடு மென்றால் பல் தேய்ந்துவிடும், கடைசி ஜோடிப் பல்லும் தேய்ந்துபோனால் கிழட்டு யானை மெல்ல முடியாமல் பட்டினியில் சாகும், அதனால் புல்லை உதறுவது அதற்கு ஆயுள் காப்பது மாதிரி என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். வகுப்பறைக்கே போய்விட்டார் மனிதர்.

"இதை எழுதுங்க சார்" என்று மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

எனக்குத் தெரிந்த மொத்தத் தொழிலும் அந்தப் பத்து நிமிஷத்தில் இருக்கிறது. தகவல் எல்லோருக்கும் பொது. அதைச் சொன்ன விதம் சொன்னவருடையது. வார்த்தைகளை மட்டும் மாற்றிக்கொண்டு போகிறவன் விஷயத்தைப் புரிந்துகொள்ளவில்லை; புரிந்துகொண்டவனுக்கு அப்படி மாற்ற வேண்டிய அவசியமே வராது.

மேடம் இன்னொரு விதியும் வைத்திருந்தார். அதற்குத் திரை போடுவது என்று பெயர். வெளியான கட்டுரை ஒன்று காப்பி என்று தெரிந்தால், முதலில் அதை மறைத்துவிட வேண்டும். கட்டுரை இருந்த இடத்தில் ஒரு அறிவிப்பு மட்டும் தெரியும். எழுத்து உண்மையில் யாருடையது என்று அதில் பெயர் சொல்லியாக வேண்டும். விசாரணை, விளக்கம், சமாதானம் எல்லாம் அதற்கப்புறம். அந்த அதிகாரம் தலைமை ஆசிரியருக்கும் ஒப்புநோக்கருக்கும் மட்டும் இருந்தது.

மேடம் ஓய்வு பெற்று மகன் வீட்டுக்குப் போனார். கிரண் வந்தார்.

கிரணைக் கெட்டவர் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது, முடியவில்லை. நல்ல பிள்ளை. சென்னையில் கல்லூரி படித்ததால் தமிழ் பேசுவார். எல்லோருக்கும் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார். அவர் வரும்போது கூடவே ஒரு மென்பொருளும் வந்தது. கட்டுரையை அதற்குள் போட்டால் ஒரு விளக்கு எரியும். சிவப்பு என்றால் காப்பி. மஞ்சள் என்றால் சந்தேகம். பச்சை என்றால் சொந்தச் சரக்கு.

"இனிமே மனுஷங்க படிச்சு டைம் வேஸ்ட் பண்ண வேணாம் சார்" என்றார்.

"அப்ப நான்?"

"நீங்க இருங்க சார். நீங்க இருந்தா நல்லாருக்கு."

வரவேற்பறையில் வைத்திருந்த செயற்கைச் செடியைப் பற்றியும் அவர் இதையே சொன்னதை நான் கேட்டிருக்கிறேன்.

அந்த மென்பொருள் ஒரே வார்த்தைகள் அடுத்தடுத்து வருகின்றனவா என்று மட்டும்தான் பார்க்கும். அதுவும் இணையத்தில் இருப்பதோடு மட்டும். எங்கள் எழுத்தாளர்கள் இதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம்கூட ஆகவில்லை. மூன்று வார்த்தைக்கு ஒன்றை மாற்றினால் பச்சை. நீர் புனலாயிற்று, மழை மாரியாயிற்று. சிறுநீரகக் கல்லைப் பற்றிய கட்டுரை ஒன்றில் அது சிறுநீரகப் பாறை என்று வந்தது. படித்த நோயாளி எவனாவது பயத்திலேயே போயிருப்பான். நான் அதைக் கிரணிடம் கொண்டுபோனேன்.

"ஆனா கிரீன்தானே சார்?" என்றார்.

ஸ்ரீவத்சன் என்ற எழுத்தாளர் இந்தக் கலையில் எல்லோரையும் மிஞ்சினார். மற்றவர்கள் ஒரு கட்டுரை எழுதும் நேரத்தில் அவர் ஐந்து கொடுப்பார். மாதாமாதம் அவருக்குக் கைதட்டல். நானும் தட்டினேன், எல்லோரும் தட்டும்போது ஒருவன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் செயற்கைச் செடிகூடத் திரும்பிப் பார்க்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு காலை வாசலிலிருந்து காவலாளி போன் செய்தார். "சாப், ஏக் அம்மா ஆயே. தாலாப் போல்ரே, சோர் போல்ரே. ஆப் நீச்சே ஆவோ." ஒரு அம்மா வந்திருக்கிறார், ஏரி என்கிறார், திருடன் என்கிறார், நீங்கள் கீழே வாருங்கள்.

இறங்கிப் போனேன். பருத்திப் புடவை, காலில் ஓடுகிறவர்கள் போடும் ஷூ, தோளில் துணிப்பை. எஸ்தர் மேரி என்று பெயர் சொன்னார். சனத்நகரில் ஒரு எந்திரத் தொழிற்சாலையில் வரைபடம் போடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா ரயில்வே பட்டறையில் இருந்ததால் வளர்ந்தது ரயில்வே காலனியில்.

"நீங்கதான் எழுதறவரா?"

"இல்லம்மா. எழுதறவங்க எழுதினதைப் பாக்கறவன்."

"அப்ப பாக்கலியா?"

எத்தனையோ மேலதிகாரிகள் என்னைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். இவ்வளவு சின்னக் கேள்வி யாரும் கேட்டதில்லை. வெளியாட்களை மேலே விட மாட்டார்கள் என்பதால் கீழேயிருந்த காண்டீனுக்கு அழைத்துப்போனேன்.

பையிலிருந்து ஒரு மெலிந்த புத்தகத்தை எடுத்தார். 'நிரம்பினால் எங்கே போகும்' என்று தலைப்பு. ஐதராபாத் ஏரிகளைப் பற்றித் தமிழில் அவர் எழுதியது. வேலையில் இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை கோவில் முடிந்ததும் பஸ் ஏறி ஒவ்வொரு ஏரியாகப் போயிருக்கிறார். கரையில் நடந்து, மிச்சத் தண்ணீர் வழியும் கலங்கல் எங்கே இருக்கிறது, ஏரி நிரம்பினால் தண்ணீர் எந்த வழியாக எந்த ஏரிக்குப் போகும் என்று பார்த்து வரைந்திருக்கிறார். நடுவில் வீடு கட்டிவிட்ட இடங்களில் வீட்டுக்காரர்களிடம், மழை பெய்தால் எந்த அறையில் தண்ணீர் வரும் என்று கேட்டு வழியைப் பிடித்திருக்கிறார். சிலர் விரட்டியிருக்கிறார்கள், சிலர் சாயா கொடுத்திருக்கிறார்கள். புத்தகத்தில் ஏரிகள் தண்ணீர் போகும் வரிசையில் நின்றன. மேலேயிருப்பது முதலில், அதன் மிச்சத்தை வாங்குவது அடுத்து. பல வருஷங்களுக்கு முன் உள்ளூர் அச்சகம் ஒன்றில் போட்டு, தெரிந்தவர்களுக்கும் தமிழ்ச் சங்க நூலகத்துக்கும் கொடுத்திருக்கிறார். அதோடு அது மறந்துபோயிருந்தது.

இப்போது சென்னைப் பதிப்பகம் ஒன்று அதைப் புதிதாகப் போட முன்வந்திருந்தது. எஸ்தரம்மா எல்லாப் படங்களையும் மறுபடி வரைந்து அனுப்பியிருந்தார். பதிப்பகத்திலும் எங்களுடையதுபோல ஒரு மென்பொருள். அதில் அவர் புத்தகத்தைப் போட்டதும் சிவப்பு எரிந்திருக்கிறது. எங்கள் கலைக்களஞ்சியத்தின் ஏரிகள் கட்டுரையிலிருந்து அவர் காப்பியடித்திருக்கிறாராம்.

"போன்ல சொல்றான் சார், அந்தப் பதிப்பகத்துக்காரன். 'ஏம்மா, கலைக்களஞ்சியத்துலருந்து எடுத்தா எடுத்தேன்னு சொல்லணும்ல'ன்றான். என்னைப் பாத்து. பழைய புக்கு இருக்குது, வருஷம் போட்டிருக்குது பாருன்னேன். 'வருஷம் எப்ப வேணா அச்சடிக்கலாம்மா'ன்றான்."

"வீட்ல என்ன சொல்றாங்க?"

"பையன் பட்டான்செருல மருந்துக் கம்பெனி. ஷிப்ட் முடிச்சு வந்து, 'நக்கோ மம்மி, வேணாம், விடு, நெட்ல வந்துட்டா அவங்களுதுதான்'னுட்டுத் தூங்கிட்டான். கைக்கு, எதுக்கு விடணும்? ஏரி ஏரியா நடந்தது இந்தக் காலு."

கட்டுரையை என் போனில் எடுத்தேன். எழுதியவர் ஸ்ரீவத்சன். அடியில் மூலங்கள் என்று யாரோ எழுதிய இரண்டு ஆங்கிலப் புத்தகங்கள். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எஸ்தரம்மாவின் புத்தகத்தைப் பிரித்தேன். முதல் பக்கத்திலேயே இருந்தது: "மேல் ஏரி நிரம்பினால் தண்ணீர் அடுத்த ஏரிக்கு நடந்து போகும், ரயிலில் இடம் கிடைக்காதவர் அடுத்த பெட்டிக்குப் போவதுபோல." எங்கள் கட்டுரையில்: "மேல் ஏரி நிரம்பினால் நீர் அடுத்த ஏரிக்கு நடந்து செல்லும், ரயிலில் இருக்கை கிடைக்காதவர் அடுத்த பெட்டிக்குச் செல்வதுபோல."

கட்டுரை முழுக்க இப்படியே. ஸ்ரீவத்சன் சங்க நூலகத்திலிருந்து புத்தகத்தை எடுத்துவந்து கிட்டத்தட்ட அப்படியே தட்டியிருக்கிறார். வழக்கமாகச் செய்யும் அளவுக்கு வார்த்தைகளைக்கூட மாற்றவில்லை, அவசியம் இருக்கவில்லை. புத்தகம் இணையத்தில் இல்லை. மென்பொருள் தேடிப் பார்த்து, இப்படி ஒன்று உலகத்திலேயே கிடையாது என்று பச்சையைக் காட்டிவிட்டது. பச்சை வந்த கட்டுரையை ஒப்புநோக்கருக்கு அனுப்ப வேண்டாம் என்பது கிரண் காலத்து ஏற்பாடு.

கிரணைக் கீழே வரச் சொன்னேன். வந்ததும் நாற்காலியை இழுத்து எஸ்தரம்மா பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆன்ட்டி, காபி?"

"நக்கோ."

நான் விஷயத்தைச் சொன்னேன். கிரண் மடிக்கணினியைத் திறந்து அவர் பக்கம் திருப்பினார். "பாருங்க ஆன்ட்டி, கிரீன்."

"என் புக்கு இதுக்குள்ள இருக்குதா?"

"உங்க புக் ஆன்லைன்ல இல்ல ஆன்ட்டி."

"அப்ப எதோட வெச்சுப் பாத்துச்சு?"

கிரண் மடிக்கணினியை மெல்ல மூடினார். "ஆன்ட்டி, லேக் எல்லாம் பப்ளிக். ஃபாக்ட்ஸுக்குக் காப்பிரைட் கிடையாது. சாரைக் கேளுங்க."

பத்மாவதி மேடம் பேராசிரியரிடம் சொன்ன அதே நியாயம். அதைத் திருடனுக்கு வக்காலத்தாக யாராவது எடுத்துக்கொண்டு வருவார்கள் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. நான் வாயைத் திறக்கும் முன் எஸ்தரம்மா முந்திக்கொண்டார்.

"ஹவ், ஆமா, ஏரி யாருதும் இல்ல. ரயில் பெட்டி யாருது?"

"எந்த ரயில் பெட்டி?"

"அதுகூடப் படிக்கலியா நீ?"

கிரண் படித்தார். அங்கேயே, போனில், முதல் முறையாக. படித்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது. தீர்வு கிடைத்துவிட்டது.

"ஓகே ஆன்ட்டி. சிம்பிள். நம்ம ஆர்ட்டிகிளை சார் ரீரைட் பண்ணிடுவார். எல்லா வரியும் மாறிடும். அப்புறம் உங்க பப்ளிஷர் செக் பண்ணா மேட்ச் ஆகாது, கிரீன் வரும். உங்க புக் வந்துடும். எல்லாருக்கும் ஹேப்பி."

எஸ்தரம்மா துணிப்பையின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டார். அவருக்குப் புத்தகம் வேண்டும். அது வரும் வழியைக் கிரண் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு காட்டுகிறார். சரி என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

"மாத்துங்க. ஆனா மொதல்ல இது என்னுதுன்னு சொல்லிட்டு மாத்துங்க. ஆபீசு பேர்ல சொல்லணும்."

"அது எதுக்கு ஆன்ட்டி? பிராப்ளமே இருக்காதே."

"அவன் என்னைத் திருடின்னுட்டான் தம்பி. விளக்கு பச்சையாச்சுன்னா திருடி இல்லேன்னா ஆவும்? கண்டுபிடிக்க முடியாத திருடின்னு ஆவும்."

ஆபீஸ் பெயரில் அப்படிச் சொல்ல வக்கீல்கள் விட மாட்டார்கள் என்று கிரண் வருத்தத்தோடு சொன்னார். உண்மையான வருத்தம். எஸ்தரம்மா புத்தகத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். வாசல்வரை அவரோடு போனேன். "நீங்க நல்லவரு மாதிரி இருக்கிறீங்க. அதான் பிரச்சினை. இங்க எல்லாரும் நல்லவங்களா இருக்கிறீங்க" என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறினார்.

மேலே வந்தால் கிரண் என் மேசையருகே நின்றார்.

"சார், சாயங்காலத்துக்குள்ள ரீரைட் முடிச்சிடுங்க. மாத்தி எழுதற மெஷின்ல போட்டா சொதப்பும். நீங்க இதுல எக்ஸ்பர்ட். எங்க மாட்டுவோம்னு உங்களுக்குத்தான் தெரியும்."

இதைப் பாராட்டாகத்தான் சொன்னார். அதுதான் என்னைச் சுட்டது. வேஷத்தைக் கண்டுபிடிக்கவே ஒரு ஆயுளைச் செலவழித்தவனிடம், நன்றாக வேஷம் போடத் தெரிந்தவன் நீதான் என்கிறார். போலீஸ்காரனைக் கூப்பிட்டு, உங்களுக்குத்தானே எல்லாப் பூட்டும் தெரியும், கொஞ்சம் வந்து திறந்து கொடுங்கள் என்பதுபோல. எனக்கு நல்ல பதிலெல்லாம் எப்போதும் வீட்டுக்குப் போய்க் குளிக்கும்போதுதான் தோன்றும். அப்போதைக்கு, "சரி" என்றேன்.

உட்கார்ந்து கட்டுரையைத் திறந்தேன். மேலே மூலையில் பழைய பொத்தான் இருந்தது. மேடம் போன பிறகு யாரும் அதைத் தொட்டதில்லை. என்னவென்று தெரியாததால் யாரும் அதை நீக்கவும் இல்லை. அழுத்தினேன். கட்டுரை மறைந்தது. அறிவிப்புக்கான கட்டம் வந்தது. மேடம் காலத்து வாசகத்தில் பெயர்களை மட்டும் நிரப்பினேன்: "இந்தப் பக்கத்தில் இருந்த உரை, எஸ்தர் மேரி எழுதிய 'நிரம்பினால் எங்கே போகும்' என்ற நூலிலிருந்து அவர் அனுமதியின்றி எடுக்கப்பட்டது. அதனால் மறைக்கப்பட்டுள்ளது." கீழே நிறுவனத்தின் முத்திரை தானாகவே வந்து உட்கார்ந்தது.

எஸ்தரம்மாவுக்குப் போன் செய்தேன். ஷேர் ஆட்டோவின் இரைச்சலுக்கு நடுவே எடுத்தார்.

"பதிப்பகத்துக்காரரை இப்பவே அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கம்மா. படம் எடுத்து வெச்சுக்கச் சொல்லுங்க. அதிக நேரம் இருக்காது."

அவர் நன்றியெல்லாம் சொல்லவில்லை. "ட்ரைவர், ஓரமா நிறுத்துப்பா" என்பது மட்டும் கேட்டது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கிரண் வந்தார். கையில் போன், அதில் யாரோ இன்னும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"சார், என்ன பண்ணீங்க?"

"வேலை."

"யார் பர்மிஷன் குடுத்தா?"

"ஒப்புநோக்கர்."

"அது நீங்கதானே சார்."

"ஆமாம். அதிகாரம் இன்னும் இருக்கு. இப்பத்தான் கவனிச்சேன்."

திரை அன்றைக்கே விலக்கப்பட்டது. என்னையும் கூடிய சீக்கிரம் விலக்கினார்கள், மிகுந்த மரியாதையோடு. விருப்ப ஓய்வு என்று அதற்குப் பெயர். விருப்பம் யாருடையது என்று யாரும் குறிப்பிடவில்லை. ஓய்வு பெற்றவன் என்று சொல்லிக்கொள்ளும் வயதுகூட எனக்கு முழுதாக வந்திருக்கவில்லை. கேக் வெட்டினோம். கிரண் என்னைப் பற்றிப் பேசினார். அந்தப் பேச்சை எனக்கு முன் ஓய்வு பெற்ற கணக்குப் பிரிவு அம்மாளுக்கும் அவர்தான் பேசியிருந்தார். கணக்கு என்ற இடத்தில் தமிழ் என்று மாற்றியிருந்தார். கேக் தட்டின்மேல் என் விரல், மேடத்தின் பென்சில் மாதிரி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் தன்பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தது. ஸ்ரீவத்சனை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் இப்போது புது எழுத்தாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாராம்.

பதிப்பகத்துக்காரர் அறிவிப்பைப் பார்த்துவிட்டிருந்தார். புத்தகத்துக்குத் தடை நீங்கியது. ஆனால் அவர் மன்னிப்புக் கேட்காமல் படங்களை அச்சுக்குத் தர முடியாது என்று எஸ்தரம்மா பிடித்துக்கொண்டாராம். "'சிஸ்டம் அப்படிக் காட்டிச்சும்மா'ன்னான் சார். அப்ப சிஸ்டத்தைக் கூப்பிடு, அது சாரி சொல்லட்டும்னேன்." கடைசியில் மனிதர்தான் சொன்னார். புத்தகம் வந்தது. ரயில் பெட்டி முதல் பக்கத்தில் இருந்தது.

எங்கள் கட்டுரையும் மறுபடி வந்தது. நான் மறுத்த வேலையை மெஷின் செய்திருந்தது. ஒரு வரிகூட எஸ்தரம்மாவுடையது இல்லை. அதோடு விடாமல், ஒற்றுமை எந்த வகையிலும் தெரியக் கூடாது என்று ஏரிகளின் வரிசையையும் கலைத்துப் போட்டிருந்தார்கள். அந்த வரிசை எஸ்தரம்மாவின் சொத்தே அல்ல, தண்ணீருடையது. எங்கிருந்து தெரிந்துகொண்டோம் என்று அவர் பெயரைச் சொல்லிவிட்டு யார் வேண்டுமானாலும் சொந்த வாக்கியத்தில் எழுதியிருக்கலாம். எடுக்கக் கூடாததை எடுத்தார்கள், எடுக்கக்கூடியதை மாற்றினார்கள். விளைவாக, எங்கள் கலைக்களஞ்சியத்தில் இப்போது கீழ் ஏரி நிரம்பினால் தண்ணீர் மேல் ஏரிக்குப் போகிறது. கிரணுக்கு எழுதினேன். "நோட்டட் சார்" என்று பதில் வந்தது, கூடவே ஒரு கும்பிடும் கை. கட்டுரை அப்படியே இருக்கிறது.

போன மாதம் செகந்திராபாத்தில் தமிழ்ச் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு எஸ்தரம்மாவைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் கரும்பலகையில் ஏரிகளை வரைந்து அம்புக்குறி போட்டுக் காட்டியிருக்கிறார். பிள்ளைகளுக்குத் தமிழ் புரியும், பேச வராது. ஒரு சிறுமி எழுந்து, "டாப்லெட்லோ உல்டா உந்தி ஆன்ட்டி" என்றிருக்கிறாள். டேப்லெட்டில் தலைகீழாக இருக்கிறதே.

வாத்தியாரம்மா டேப்லெட்டை வாங்கிப் பார்த்தாராம். பலகையைப் பார்த்தாராம். பிறகு பிள்ளைகளிடம், "மேடம் நேர்ல போய்ப் பார்த்ததைச் சொல்றாங்க. பரீட்சையில டேப்லெட்ல இருக்கற மாதிரியே எழுதுங்க" என்றாராம்.

எஸ்தரம்மா இதை எனக்குப் போனில் சொன்னார். நான் கொதித்தேன். ஆபீஸையும் வாத்தியாரம்மாவையும் மென்பொருளையும் அதைக் கண்டுபிடித்தவனையும் வரிசையாகத் திட்டினேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"விடுங்க சார்" என்றார். "இந்தத் தடவை அது என்னுது இல்ல."